படிக்காமல் விட்ட வரி

பாலக்கோடு
9.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பாரதி எழுதுகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். இண்டூரில் உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?

நவநீதன் அண்ணன் பைக்கில் அடிபட்டு இறந்து நாற்பது நாளாகிவிட்டது. "யுவராணி எப்ப வூட்டுக்கு வருவா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

நீங்கள் எடுத்துப்போன அண்ணனின் நீலச் சட்டையையாவது கொடுத்தனுப்புங்கள். அதை நீங்கள் துவைத்தது எட்டு மாதம். அதற்கு முன் ஆறு வருஷம் நான்தான் துவைத்தேன்.

அன்புடன்,
பாரதி

இண்டூர்
16.3.2025

பாரதிக்கு,

சட்டையைத் தர முடியாது. இன்னும் துவைக்கவில்லை.

அத்தை என்னை எதற்குத் தேடுகிறார்? உறுப்புகளைத் தானம் கொடுக்க நான் கையெழுத்துப் போடப் போனபோது, "எம் புள்ளையக் கூறு போட்றாத கண்ணு" என்று காலைப் பிடித்தவர்தானே. தானம் உன் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்த ஆசை; அது நடக்காமலே போனது. அத்தையை மன்னிக்க மனம் வரவில்லை.

யுவராணி

பாலக்கோடு
24.3.2025

அன்புள்ள அண்ணி,

அம்மா மேல் கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் நான் படித்துச் சொன்னால்தான் அம்மா நம்புவாள். அன்றும், "டாக்டரு சொல்றது கெடக்குது, நீ படி" என்றாள்.

இரண்டு முறை சோதித்தாகிவிட்டது, மூளைச்சாவு உறுதி, கருவியை எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது. எனக்குப் புரிந்தது. அந்த வரியை அம்மாவுக்குப் படிக்கவில்லை. "மூச்சு இருக்குதும்மா, கை சூடா இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

சம்மதப் படிவத்தில் உங்கள் பெயர்தான் இருந்தது. ஆசையையும் அண்ணன் உங்களிடம்தான் சொல்லியிருக்கிறார், என்னிடம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சட்டை உங்களிடமே இருக்கட்டும்.

பாரதி

இண்டூர்
2.4.2025

பாரதிக்கு,

அவர் சொன்னதை முழுதாகக் கேள். உன்னை மொரப்பூரில் ரயிலேற்றிவிட்டு வந்த அன்று சொன்னார்: "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லாத்தையும் குடுத்துருங்க. அம்மா ஒத்துக்காது. நீ பேசி ஒண்ணும் ஆவாது. பாரதி படிச்சுச் சொன்னா ஒத்துக்கும்."

அதனால்தான் தாளை உன் கையில் கொடுத்தேன். எனக்கும் படிக்கத் தெரியும்.

அந்த எட்டு மாதத்தில் அவர் உன் பேச்சை எடுக்காத நாள் இல்லை. நானும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அத்தைக்கு அந்த வரியைப் படித்துக் காட்டு. அதுவரை எனக்கு எழுதாதே.

சட்டையை அனுப்பியிருக்கிறேன். துவைத்துவிட்டேன்.

யுவராணி