பூனைக்குட்டியோடு கிளம்பினேன்

சேசு மரி சூசை

திருவெறும்பூர், 8-1-1966

அன்புள்ள அம்மாவுக்கு ரோசரி பணிவுடன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

நீங்கள் கொண்டுவந்து விட்ட பாலக்கரைச் சித்தி வீட்டில் இப்போது நான் இல்லை. சித்தி முந்திக்கொண்டு எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கொல்லையில் விறகுக்கட்டுகளுக்கு நடுவே, கண்கூடத் திறக்காத பூனைக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. தாய் திரும்பி வரவே இல்லை. எடுத்துவந்து, பஞ்சைப் பாலில் நனைத்துப் புகட்டினேன். எதையும் வளர்த்துப் பழக்கமில்லையே, பாதிப் பால் மூக்கில் ஏறித் தும்மியது.

சித்தி பார்த்துவிட்டார்கள். "உனக்கு வடிச்சுக் கொட்றது போதாதா? அந்தச் சனியனை வாய்க்கால்ல போட்டுட்டு வா. இல்லாட்டி நீயும் கிளம்பு."

"கிளம்பறேங்க சித்தி" என்றேன். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

உங்கள் தங்கை என்பதற்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். கேட்க மாட்டேன்.

இப்போது ஆலை ஆபீசுக்குப் பக்கத்திலேயே அறை. பேச்சுக்கு ஆளில்லை, வேறு குறையில்லை. உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கட்டி அவிழ்த்தபடியே அனுப்புங்கள். குட்டிக்குக் குளிர்கிறது.

நேற்றுத்தான் அது கண் திறந்தது. முதலில் பார்த்தது என்னைத்தான். நிற்கக்கூடத் தெரியாமல் தள்ளாடிக்கொண்டே, வாயைப் பிளந்து என்மேல் சீறியது. நன்றாகச் சீறு என்று விட்டுவிட்டேன்.

ஆலைச் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
ரோசரி