ஜங்காரில் மட்டும் மக்கர் செய்யும் கார்

ஞாயிறு, இரவு.

காலையில் மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் எங்கள் பழைய கார் ஒரே திருப்பலில் கிளம்பிவிடும். மெக்கானிக் இரண்டு தடவை பார்த்தபோதும் அப்படித்தான். அதனால் என் மனைவி சாரதா சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தினமும் காரை ஜங்காரில், அதாவது வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகில், ஏற்றி வைப்பினில் இருக்கும் ஸ்கூலுக்கு ஓட்டிப்போகிறவள் அவள். "ஜங்கார்ல அணைச்சா, இறங்கும்போது ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றாள். நான் மெக்கானிக்கிடம் "சில சமயம் மக்கர் பண்ணுது" என்றதோடு சரி. அவளிடம் "உனக்குச் சாவி திருப்பத் தெரியலை" என்றேன்.

இன்று ஒரு விசேஷத்துக்காக நானே ஓட்டிக்கொண்டு அவளோடு வைப்பின் போனேன். ஜங்காரில் எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். அக்கரை சேர்ந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் ஒரே ஹாரன். நான் மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டிருந்தபோதே சாரதா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். வடம் கட்டுகிற சேட்டன், "டீச்சரே, இன்னைக்கும் தள்ளணுமோ?" என்று கேட்டபடி வந்தார். கூப்பிடாமலே இன்னும் இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள்.

மெக்கானிக்குக்கு போன் போட்டு இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன்.

"சூட்டோட அணைச்சு, ஆறுறதுக்குள்ள திருப்பினா ஸ்டார்ட்டர் மோட்டார் பிடிக்க மாட்டேங்குது, அதான். முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும் சாரே."

சாரதா செருகிய தலைப்பை எடுத்து உதறிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

எத்தனை நாள் தள்ளினாய் என்று கேட்கணும். பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.