மூன்று துவக்குகளுக்கு ஒரு சைலன்சர்

என் நேசத்துக்குரிய அத்தான்,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலரில், அந்தக் கல்வெட்டில் சேர்க்க நானும் ஏதாவது எழுதி அனுப்ப வேண்டுமாம். ஊரிலிருந்து உங்கள் தங்கை கேட்டிருக்கிறார். வெண்பாக்கள் ஏற்கெனவே தயார். அவற்றில் நீங்கள் கடல் கடந்து புகழ் கொண்ட வேளாண் விஞ்ஞானி. பிளாக்டவுனுக்கு அப்பால் ஓர் அரசாங்க ஆய்வுப் பண்ணையில், பயிரைத் தின்னும் முயல்களையும் நரிகளையும் சுடுவதும் உங்கள் வேலையாக இருந்ததை யாரும் பாடவில்லை. எனக்கு வெண்பா வராது. உங்களோடு பேச மட்டும் வருகிறது.

முதலில் செய்தி. பொலிஸ் சார்ஜன்ட் வந்து போனார். மூன்று துவக்குகளும் பண்ணையுடையவை, அவை பண்ணை அலுமாரிக்குத் திரும்பிவிட்டன. சத்தத்தைக் குறைக்கக் குழலில் பூட்டும் சைலன்சர் அப்படியல்ல. அதற்கான அனுமதி உங்கள் பெயருக்கு மட்டும் தரப்பட்டது, உங்களோடு முடிந்துவிட்டது, இனி அதை இந்தப் பண்ணை வீட்டில் யாரும் வைத்திருக்க முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அக்காவே உள்ளே போய் எடுத்து வந்தாள். துவக்கிலிருந்து நான் கழற்றி வைத்தபடி உங்கள் கம்பளிக் காலுறைக்குள் இருந்தது. சார்ஜன்ட் காலுறையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே குசினிக் கதிரையில் இருந்தாள்.

"நான் கேட்டதாலதானே தம்பி, அவர் அந்தச் சாமானை வாங்கினவர்."

வாசல் பக்கம் பார்த்தேன். நீங்கள் வந்து பதில் சொல்வீர்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். இப்படி அடிக்கடி நினைக்கிறேன்.

முன்பெல்லாம் எப்படி இருந்தது? அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பகலில் நித்திரை. முயல்கள் வெயில் சாயத் தொடங்கியதுமே வெளியே வரும், அப்போது நீங்களும் துவக்கோடு இறங்குவீர்கள். வெடிச் சத்தத்தில் அக்கா திடுக்கிட்டு எழும்புவாள். ஆனால் எழும்பியவள் கணக்கு வைத்திருப்பாள். இது தோட்டத்துக்குப் பின்னால். இது ஓடைப் பக்கம். கடைசிச் சத்தம் கேட்டு வெகுநேரமானால் குசினி ஜன்னலைத் திறந்து "இஞ்சருங்கோ!" என்று கத்துவாள். தூரத்தில் உங்கள் தொப்பி உயரும். ஜன்னல் மூடும்.

இதற்கு நீங்கள் இருவரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. வழக்கம் என்றுகூட நினைத்திருக்க மாட்டீர்கள்.

சைலன்சர் வாங்கக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள், நினைவிருக்கிறதா? அதற்கு முன் எத்தனை மாதம் காத்திருந்தீர்கள். இந்த நாட்டில் சைலன்சரை ஆசைப்பட்டவரெல்லாம் வாங்க முடியாது. சுற்றிவர வீடுகள் வருகின்றன, பக்கத்துக் காணியில் குதிரைகள் மிரளுகின்றன என்று காரணம் எழுதினீர்கள். மூன்று துவக்குகளையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டீர்கள். பொலிஸ் வந்து நிலத்தைப் பார்த்தது. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் துவக்குகளையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டோம். "முதல் கடுதாசி, பிறகுதான் சாமான்" என்றீர்கள் காரில்.

கடைக்காரர் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று மெல்லியது, முயல் துவக்குக்கென்றே செய்தது. மற்றது தடித்து நீண்டது.

"மூண்டு துவக்குக்கும் மூண்டு வாங்கலாமே?" என்றேன்.

"மூண்டு கேட்டிருந்தா பொலிஸ்காரன் என்னை ஆரெண்டு நினைச்சிருப்பான்? ஒண்டு காணும் மச்சான். பெரிய சன்னத்துக்குச் செய்ததுக்குள்ளால சின்னன் போகும். சின்னனுக்குச் செய்ததைப் பெரிய துவக்கில பூட்டினா வெடிச்சுப் போகும்."

நீண்டதை எடுத்தீர்கள். அதைத் திருகிப் பூட்ட மூன்றின் குழல் நுனியிலும் மரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துவக்கின் குழலில் மரையே இல்லை, அதைக் கடையிலேயே வெட்டக் கொடுத்தீர்கள். சின்னத் துவக்கு ஈயக் கரியைக் கக்கும், அதனால் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். சின்னதில் அதைப் பூட்டிக் காட்டினார் கடைக்காரர்.

"எலிக்குத் தும்பிக்கை வைச்ச மாதிரிக் கிடக்கு, அத்தான்."

"எலி ஒண்டும் சொல்லேல்லை, நீ சும்மா இரு."

அப்போது கடைக்காரர் கண்ணைச் சிமிட்டிக் கேட்டார்: சத்தம் என்று மனைவி முறைப்பாடா? நீங்கள் அவரிடம் சிரித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னீர்கள்.

"அவ ஒருநாளும் சொல்லமாட்டா. திடுக்கிட்டு எழும்பிப்போட்டு, நான் நித்திரையே கொள்ளேல்லை எண்டு பொய் சொல்லுவா."

பெரிய துவக்கில் பூட்டினால் சாட்டை வீசியது போல ஒரு சத்தம் மிஞ்சியது. சன்னம் காற்றைக் கிழிக்கும் சத்தம், அதை ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினீர்கள். சின்னத் துவக்கில், மெதுவாகப் போகும் தோட்டா போட்டால், யாரோ கதவுத் தாழ்ப்பாளைப் போட்டது போல. அவ்வளவுதான். பக்கத்துக் குதிரைகள் தலையைத் தூக்கவில்லை. அக்கா தூங்கினாள். "இப்பதான் மனுசர் மாதிரி நித்திரை கொள்ளுறன்" என்றாள்.

ஜன்னல் திறப்பது நின்றது. திறக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. அமைதி என்றால் அத்தான் வேலையில் இருக்கிறார். அமைதிக்கு வேறு பொருளும் உண்டு என்று யார் நினைத்தோம்?

அன்றைக்கு நீங்கள் கொண்டுபோனது சின்னத் துவக்கு.

அக்கா எழும்பினாள், குளித்தாள், புட்டு அவித்து மூடி வைத்தாள், வேலைக்குப் போய்விட்டாள். நான் மெரிலேண்ட்ஸ் அறையிலிருந்து வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. புட்டு அப்படியே இருந்தது. உங்கள் சப்பாத்துகள் வாசலில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஓடை வேலியருகில் படுத்திருந்தீர்கள். துவக்கைத் திறந்து, வாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் புல்லில் வைத்திருந்தீர்கள்.

டாக்டர் சொன்னார், இதயம், ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்களா? ஒரு நொடியில் போகிறவர் துவக்கை அவ்வளவு கவனமாக வைப்பாரா?

அக்காவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வெற்றுத் தோட்டாக் கோதுகள் கிடந்ததை சார்ஜன்ட் அவளிடம் சொல்லியிருக்கிறார். செத்த முயல் ஒன்றும் கிடக்கவில்லை.

"எனக்கெண்டு சுட்டிருக்கிறார், தம்பி. என்னை எழுப்பச் சுட்டிருக்கிறார். எனக்குக் கேக்கேல்லை."

"குறி தவறியிருக்கும் அக்கா. முயல் ஓடியிருக்கும்."

"அவர் தவறவிடுறவரோ?"

தவறவிட்டீர்களா, அத்தான்? ஒருமுறையாவது? வெண்பாக்காரர்கள் எழுதாத இந்த ஒன்றைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். மோசமான சூட்டுக்காரராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கடையில் நீங்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். நீ கேட்கவே இல்லை, அவராகத்தான் வாங்கினார் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"கேட்டனான். கோப்பை கழுவேக்க ஒருநாள் கேட்டனான்."

"இல்லை அக்கா. நீ ஒருநாளும் சொல்லமாட்டாய் எண்டு அத்தான் என்ரை காதுக்குச் சொன்னவர். நீ நித்திரை கொள்ளேல்லை எண்டு பொய் சொல்லுறதும் அவருக்குத் தெரியும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தெரியுமோ?" என்றாள். பிறகு உங்கள் காலுறையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நீங்கள் போனதிலிருந்து அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது ஆறுதலா, இன்னொரு வெட்டா, எனக்குத் தெரியவில்லை. இன்றும் அவள் தான் கேட்டதாகவே நம்புகிறாள். நீங்கள் கேளாமலே செய்ததாகவும் நம்புகிறாள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

இன்னொரு செய்தி. வீட்டை இப்போதைக்கு அக்காவுக்கே விட்டிருக்கிறார்கள், நானும் மெரிலேண்ட்ஸ் அறையை விட்டு இங்கே வந்துவிட்டேன். முயலுக்குப் புதிய ஆள் வந்திருக்கிறார். இத்தாலிக்காரர், பெரிய மீசை. அவரிடம் சொந்தமாக அனுமதியும் சைலன்சரும் உண்டு. பழகிக்கொள்வதற்காக வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். இனி உங்களுக்குத் தொந்தரவே இராது அம்மா, ஒன்றும் கேட்காது என்றார்.

அக்கா அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: தொடங்கும்போது ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை இந்தக் கதவைத் தட்டுங்கள்.

"பகலில் தூங்குவீர்கள் என்றார்களே?"

"தூங்கினாலும் தட்டுங்கள். பலமாக."

"என் மனைவிகூட என்னை இவ்வளவு தேடுவதில்லை" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தட்டுகிறேன் என்றார்.

நேற்று முதல் தடவை தட்டினார். அக்கா எழும்பிக் கட்டிலில் உட்கார்ந்தாள். திரும்பப் படுக்கவில்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. நான் மேசையில் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தட்டு விழுந்தபோது அவள் அறையிலிருந்து "ஓம்" என்று பதில் கேட்டது. அவருக்குச் சொன்னாளா, உங்களுக்கா? பிறகு நித்திரையாகிவிட்டாள்.

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்றைக்காவது முதல் தட்டு விழுந்து, வெகுநேரமாகியும் இரண்டாவது விழாவிட்டால், அந்த மனிதருக்காக நான் ஓடைப் பக்கம் ஓடுவேன். அக்காவை எழுப்பிவிட்டு ஓடுவேன்.

ஓடைவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டு வரும்
உங்கள் மச்சான்,
ரகு