பேராச்சி தொடாத பந்தக்கால்

தாராவி, மும்பை

அன்பு மகள் ஹரிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சுகம், டொரண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க முத்தாரம்மன் துணை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் மாப்பிள்ளை மகேஷ்குமார் பக்கத்தில் இருப்பார். அவர் பம்பாயிலேயே பிறந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவர், தமிழ் எழுத்து ஓடாது, இந்த ஒரு விஷயத்துக்கு அது நல்லதாகப் போயிற்று.

சொன்னால் நம்ப மாட்டாய். பக்கத்து வீட்டுப் பேராச்சி, புருஷன் பூதத்தானை விட்டுவிட்டு சான்பாடாவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை எதிர்சாரி இசக்கி வீட்டுக் கல்யாணத்துக்குக் கால்நாட்டு. ஒற்றுமையான சோடிதான் பந்தக்கால் நட வேண்டும் என்பது நம் சந்து வழக்கம், அதற்கு எப்போதும் இவர்களைத்தான் கூப்பிடுவோம், உன் கல்யாணத்துக்கும் இவர்கள்தான் நட்டார்கள். கம்புக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டியாயிற்று, பூதத்தான் கை வைத்துவிட்டான். பேராச்சி நகரவில்லை. அண்ணாச்சி, வேற சோடியப் பாருங்க, இந்த மனுசங்கூட நான் கை வைக்க மாட்டேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். உன் அம்மா தனியே கூட்டிப்போய்க் கேட்டதற்கு, குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு, ஆனா சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேட்டதில்லக்கா, பட்டறைல இருந்து வந்தா செவுத்தப் பாத்து உக்காந்துருவாரு, நான் சிரிச்சாலும் அழுதாலும் அவருக்கு ஒண்ணுதான் என்றாளாம். அன்று சாயங்காலமே பையோடு கிளம்பிவிட்டாள்.

நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். அந்த வீட்டிலிருந்து ஒருநாளும் சத்தம் வந்ததில்லை, அதனால் நல்ல குடும்பம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பூதத்தான் என்னிடம் வந்து, அவளுக்கு நான் என்ன கொற வச்சேன் அண்ணாச்சி என்று கேட்கிறான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லையம்மா, அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

கால்நாட்டிலோ, நல்ல நேரம் போகிறது என்று இசக்கி கடைசியில் எங்களைப் பிடித்து இழுத்து நிறுத்தினான், தண்ணீர் பிடிப்பதில் காலையில் தொடங்கிய சண்டையை அதுவரை முடிக்காத எங்களை. கம்பைப் பிடித்துக்கொண்டும் உன் அம்மா, நேராப் பிடிங்க, கண்ணு எங்க இருக்கு என்று திட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது.

போன வாரம் வீடியோ காலில் மாப்பிள்ளை சோற்றுத் தட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எங்களுக்குள்ள சண்டையே கிடையாதுப்பா என்றாய். அதைச் சந்து முழுக்கப் பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்தச் சாத்திய கதவையே திருப்பித் திருப்பி நினைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா? உனக்குக் கோபம் வந்தால் அவரிடம் காட்ட முடிகிறதா? அவரைக் குறை சொல்லவில்லை, பூதத்தானும் கெட்டவன் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு, கத்த வேண்டியிருந்தால் கத்திவிடு, மனசுக்குள் போட்டுப் பூட்டாதே.

அம்மா இடித்த சாம்பார்ப் பொடி இத்துடன் வருகிறது, ஈரக்கை படாமல் வை. நீங்கள் இருவரும் பேசிச் சிரித்து, சண்டை போட்டு, நீடூழி வாழ வேண்டும். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளையே எனக்குத் தெரியவில்லை. நீ கடல் தாண்டி இருக்கிறாய், நீயாகச் சொன்னால்தான் அப்பாவுக்குத் தெரியும்.

உன் அப்பா,
கணேசபாண்டியன்