ஊருக்கே சோறு

1959 நவம்பர் 17, செவ்வாய்

நாலாம் நாளாக மழை. வடமாலபேட்டைப் பக்கம் பாலம் போய்விட்டது, ரயிலும் இல்லை. நவரைப் போகத்துக்கு வைத்திருந்த விதை நெல் இரண்டு மூட்டையையும் இவர் பரண்மேல் ஏற்றினார். "வூடே போனாலும் இது நனையக் கூடாதுமே" என்றார். தைக்குள் நாற்று விட்டால்தான் நிலக்காரர் கிருஷ்ணப்பாவின் குத்தகை நிலம் நம் கையில் நிற்கும். அது போனால் நமக்கு வேறென்ன இருக்கிறது?

நவம்பர் 18

நம்பவே முடியவில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் சமன்படுத்திப் போட்ட மேட்டில் ஒரு ஏரோப்ளேன் இறங்கியிருக்கிறது! மெட்ராசில் புயலாம், அங்கே இறங்க முடியவில்லையாம். பெட்ரோல் தீருவதற்குள் பைலட் இங்கே இறக்கிவிட்டார். இருபத்திரண்டு பேர், ஒருவருக்கும் அடியில்லை. மேட்டை ஒட்டி முதல் வீடு நம்முடையது, அதனால் எல்லோரும் இங்கேதான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஈரச் சேலையோடு அடுப்படியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். உலை வைத்தேன்.

நவம்பர் 19

ஏரோப்ளேன் பார்க்க வந்த சனம், காவலுக்கு வந்த போலீசு, வீடு இடிந்து நிற்கிற பக்கத்துத் தெருக்காரர்கள் — எல்லோருக்கும் நம் வீட்டில்தான் பந்தி. கோட்டுப் போட்ட ஒருவர் இலைக்கடியில் பத்து ரூபாய் நோட்டு வைத்தார். "சோத்துக்குத் துட்டு வாங்கற வூடு இல்ல சார்" என்று அவர் கையிலேயே திணித்துவிட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு! சாயங்காலம் அரிசிப் பானைக்குள் கை விட்டால் அடி தட்டுகிறது.

நவம்பர் 20

எங்களுக்குள் சண்டை. விதையைத் தொடாதே என்றார் இவர். கடையில் ஒரு படி அரிசி கிடையாது, குழந்தையோ அழுகிறது, அதன் அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. நான் என்ன செய்ய? பரண் ஏறினது நான்தான். உரலில் குத்தும் சத்தம் கேட்க மாட்டாமல் இவர் மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டார்.

பைலட் பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, செலவு முழுவதும் கம்பெனி தரும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார்.

நவம்பர் 22, ஞாயிறு

லாரி வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. பரணில் இரண்டு காலிச் சாக்கு.

டிசம்பர் 14

பைலட் சீட்டை அனுப்பியதற்குக் கம்பெனியிலிருந்து கடுதாசி. வேதாச்சலம் வாத்தியார்தான் படித்துச் சொன்னார். புயல் தெய்வச் செயலாம். இயந்திரக் கோளாறு என்றால் தருவார்களாம், காற்றுக்கு அவர்கள் ஜவாப்தாரி இல்லையாம். தரையில் கால் வைத்த பிறகு அவரவர் சாப்பாடு அவரவர் பாடாம். பைலட்டுக்கு அப்படி எழுதிக் கொடுக்க அதிகாரமே இல்லையாம்.

தெய்வச் செயல்! டிக்கெட்டுக் காசு வாங்கினது தெய்வமா?

புயல் நிவாரணம் என்று ஆந்திரா சர்க்காருக்கு மனு போடு, தெலுங்கில் எழுதித் தருகிறேன் என்றார் வாத்தியார். எதற்கு? எட்டாவது வரை படித்தவள் நான். எல்லைக் கமிஷன் அது இது என்று நம் பக்கம் இன்னும் இழுபறியில்தானே இருக்கிறது, தமிழில் கொடுத்தால் வாங்க மாட்டார்களா? நானே எழுதினேன்: 'நாலு நாள் ஊருக்கே சோறு போட்டோம். விதை நெல்லையும் குத்திப் போட்டோம்.' இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 15

தாலுகா ஆபீசில் குமாஸ்தா நாகபூஷணம் மனுவை வாங்கிக்கொண்டார். தெலுங்கில் தானே எழுதி மேலே அனுப்புவதாகச் சொன்னார். உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

1960 ஜனவரி 14

பொங்கல். பதில் இல்லை. கிருஷ்ணப்பா வந்து, நாற்று விட இன்னும் பத்து நாள் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 22

பதில் வந்தது.

வாத்தியார் தெலுங்கைப் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'ஊரிகே அன்னம் பெட்டினாரு' என்று வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வாக்கியம்! அப்படியே போட்டிருக்கிறார்கள் என்று இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்கூட.

வாத்தியார் சிரிக்கவில்லை. "ஊருக்கே இல்ல தாட்சாயணி, ஊரிகே. சும்மா போட்டாங்கன்னு எழுதிக்கினு கீறான்" என்றார்.

இனாமாகப் போட்டதாக மனுதாரரே சொல்வதால் பணம் கொடுக்க இடமில்லையாம். தருமத்தை மெச்சுகிறார்களாம்.

ஊரிகே. கீரைக்காரியிடம் எத்தனை தரம் 'ஊரிகே இஸ்தாவா' என்று வம்பு பண்ணியிருக்கிறேன், சும்மா தருவியா என்று! தினம் என் வாயில் புழங்குகிற வார்த்தை. நாகபூஷணத்தைத் திட்டி என்ன? இருபத்திரண்டு பேருக்கு என்று எழுதினால் என் கை முறிந்தா போயிருக்கும்? ஊருக்கேவாம், ஊருக்கே. பீத்திக்கினேன், நல்லா பீத்திக்கினேன். பாழாப்போன பெருமை.

இவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 3

வாத்தியார் எழுதிக் கொடுத்த மறுமனுவுக்கு, எல்லை விஷயம் முடியட்டும் என்று பதில். நிலத்தைக் கங்கையாவுக்குக் கொடுத்துவிட்டார் கிருஷ்ணப்பா. நேற்றே ஏர் பூட்டிவிட்டார்கள்.

மார்ச் 6

மாடுகளை விற்றோம்.

ஏப்ரல் 1

எல்லை போட்டாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம், நாம் ஆந்திராப் பக்கமே. மறுமனுவைப் பற்றிக் கேட்டதற்கு, பழைய கட்டுகளோடு எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள்.

இவர் மெட்ராசுக்குக் கிளம்பினார், மூட்டை தூக்க. "வரேன்மே" என்றார். பரண் பக்கம் ஒரு தரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, புதன்

மழை. திருப்பதி பஸ் ஒன்று ஓடைத் தண்ணீரில் நின்றுபோயிற்று. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு வாய் சோறு இருக்குமா அக்கா? புள்ள காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல."

பானையில் இருந்தது.

"துட்டு யாரு குடுப்பாங்க?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பஸ்காரரைக் கேட்டு வருகிறேன் என்று பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். மழைக்கு நானா பொறுப்பு என்று சொல்லப் போகிறார் அவர். எனக்குத் தெரியாதா?

கூப்பிட்டிருக்கலாம்.

இருட்டப் போகிறது. சோறு பானையில் அப்படியே இருக்கிறது. அவள் திரும்பி வரவில்லை.