சீனியின் குட்டிகள் என்ன சாப்பிடுகின்றன?

என் அன்பு ராத்தா,

நீங்கள் இருக்கும் இடத்துக்கு உங்கள் தங்கச்சியின் ஸலாம் வந்து சேரட்டும். வீட்டுக் கதை கேட்காமல் உங்களுக்கு ஒரு நாளும் பொழுது போனதில்லையே. இன்று சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் துக்கச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பூனை சீனி இப்போது இல்லை. நீங்கள் மறைந்து நாற்பதாம் நாள் ஓதிய கத்தம் முடிந்த அடுத்த வாரம், புத்தளத்துக் கரைத்தீவு ரோட்டில் மணல் ஏற்றிவந்த லொறியில் அடிபட்டுவிட்டது. விறகுக்குப் பின்னால் அது ஈன்று வைத்திருந்த மூன்று குட்டிகளும் அப்போதுதான் தள்ளாடி நடக்கத் தொடங்கியிருந்தன.

அன்றுதான் உங்கள் வீட்டுக்காரர், என் மச்சான், வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் பழைய ஊரான மன்னாருக்குப் போக இருந்தார். நாட்டில் சண்டை முடிந்ததிலிருந்து அவர் கூடப்பிறந்த நானா அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார்? நீங்கள்தான் இந்த ஊரை விட்டு அசையமாட்டேன் என்று நின்றீர்கள். நீங்களும் போன பிறகு மச்சானைத் தடுக்க என்னிடம் என்ன வார்த்தை இருந்தது? சரியாகச் சாப்பிடாமல் அவர் மெலிந்துபோயிருந்தார். நான் கொண்டுபோய் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும்.

குட்டிகள் கத்துவதைக் கேட்டு உடுப்புப் பையைக் கீழே வைத்தார். "இதுகள் ரெண்டு நாளைக்கி ஈடேறட்டும் புள்ள, பொறவு போறன்" என்றார்.

பசும்பால் வாங்கி ஊற்றினார். சோற்றில் குழம்பாகக் காய்ச்சிய மீன் ஆணம் பிசைந்து வைத்தார். குட்டிகளுக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று நான் யோசித்துக் கேட்டதற்கு, "கடக்கரப் பூனைக்கி மீன் தின்னப் படிச்சிக் குடுக்கணுமா?" என்று என்னையே கேட்டார். மறுநாள் மூன்றுக்கும் வயிற்றோட்டம். அதற்கடுத்த நாள் சின்னக் குட்டி தலையைத் தூக்கவில்லை. மச்சான் அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இதும் அவளப் போல என்ன விட்டுப் போகப் போகுதா?" என்றார். உங்கள் மையத்தை அடக்கிய அன்றுகூட அழாதவர், ராத்தா. அன்று அழுதார்.

த்ரீவீலில் புத்தளத்துக்குக் கொண்டு போனோம். மிருக வைத்தியர் வன்னியில் இருந்து சண்டைக் காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை. குட்டிக்கு ஊசி ஏற்றிவிட்டு, எங்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"பாலோ குடுத்தனீங்கள்?"

"ஓம் டொக்டர். நல்ல பசும்பால்தான்" என்றார் மச்சான்.

"அது கன்றுக்குட்டிக்கு நல்லது ஐயா. இதுகளுக்குச் செமிக்காது. சோறும் வயித்தை நிரப்புமே தவிர சதை வைக்காது. குட்டிகளுக்கெண்டே செய்த பக்கெட் சாப்பாடு இருக்கு. இளஞ்சூட்டுத் தண்ணியில ஊறவைச்சு, கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாப் பல தரம் குடுங்கோ. பக்கத்தில சுத்தமான தண்ணி எப்பவும் இருக்கவேணும்."

"அப்ப மீன் குடுக்கவே ஏலாதா?"

வைத்தியர் சிரித்துவிட்டார். "குடுக்கலாம் ஐயா. அவிச்சு, முள்ளெடுத்து, இடைக்கிடை. கோழி இறைச்சியும் அவிச்சுக் குடுங்கோ, ஈரல் துளி போதும். பச்சை மீனும் கருவாடும் வேண்டாம். உப்பு, வெங்காயம் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ."

உங்கள் குசினிக்குள் தேத்தண்ணி போடக்கூட நுழையாத மனுஷன், அன்றிலிருந்து அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். கூழின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பார். அவித்த சூடை மீனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிசைவார். முள் ஒன்று தப்பினாலும் முதலில் இருந்து தேடுவார். சின்னக் குட்டி விரலில் இருந்த கூழை முதன்முதலாக நக்கியபோது, பக்கத்து வீட்டில் இருந்த என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஏதோ விபரீதம் என்று நான் வெறுங்காலோடு ஓடினேன்.

அடுப்பு எரிகிறது என்பதால் தனக்கும் ஒரு பிடி அரிசி போட்டுக்கொள்கிறார். ஆணத்துக்கு உப்பு போட மறந்துவிடுகிறார், அது வேறு கதை. ஆனாலும் பீங்கான் காலியாகிறது, ராத்தா. அதைக் கழுவியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

போன மாதம் அவருடைய நானா வேன் பிடித்துக்கொண்டு வந்தார். "பூனைக்காகவா நிக்கிற?" என்று கேட்டார். மச்சான் காலடியில் நின்ற சின்னக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பூனைக்காகத்தான் நிண்டன் நானா. இப்ப எனக்காக நிக்கிறன். அவள அடக்கின கபுறு இரிக்கிற ஊரு. இதுதான் எண்ட ஊரு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றும் இப்போது அலுமாரிக்கு மேல் பாயும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. எதிர்வீட்டுப் புதுப்பெண் நேற்று ஒன்றைக் கேட்டு வந்தாள்.

"என்ன திங்கக் குடுப்ப?" என்றார் மச்சான்.

"சோறும் பாலும்தான் மாமா."

மச்சான் கதிரையை இழுத்துப் போட்டு, "இரி மகள்" என்றார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அவளுக்கு வகுப்பு நடந்தது. கடைசியில், "நாளைக்கி வா, எப்பிடிக் குழைக்கிறண்டு கையால காட்டித்தாறன்" என்று அனுப்பிவைத்தார்.

அவள் போன பிறகும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ராத்தா, அந்தச் சிரிப்பு மறையாமல் இருக்க நான் பொறுப்பு. பக்கத்து வீட்டில் நான் இருக்கும்வரை, இந்த வீட்டில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் வராமல் பார்த்துக்கொள்வேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் துஆவில் இன்னும் இருப்பதாக நம்பும்,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி.