சிவப்புப் புள்ளி இல்லாத போல்ட்

ஜூன் 7, ஞாயிறு

எஞ்சின் இன்று நிற்காமல் ஓடியது. ஏழாவது உதையில் பிடித்தது. நான்கு நிமிடம். தம்பி வழக்கம்போல் முக்காலியில் உட்கார்ந்து, மடங்காத இடது காலை நீட்டிக்கொண்டு ஸ்போக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வந்ததும் துணியைக் கீழே போட்டான்.

"அப்பா இருமுற மாதிரியே இருக்கு பாரு."

அப்படித்தான் இருந்தது. அப்பாவின் வண்டி அது. விபத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் கொட்டகையில் கிடந்ததை, நான் ஓய்வு பெற்ற மறுவாரம் வெளியே இழுத்தோம்.

"முடிஞ்சதும் ஒரு ரவுண்டு எனக்குக் குடு அண்ணே" என்றான்.

"ராக்கெட்டு கையில சாவியா? தெருவே வீட்டுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கும்."

அவனும்தான் சிரித்தான்.

பின் பிரேக் மட்டும் உதைக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இறுகுகிறது. பிரேக் ஷூ புதிது. ஸ்பிரிங் புதிது. டிரம்மைக் கடைந்து வாங்கியாயிற்று. பிறகு எதுதான்?

ஜூன் 10, புதன்

ஷூக்களைத் தாங்கும் தட்டு கோணல். தட்டின் ஓரத்தில் ஒரு காது உண்டு. சக்கரத்தோடு சேர்ந்து தட்டும் சுழன்றுவிடாமல் இருக்க, அந்தக் காதிலிருந்து ஓர் இரும்புப் பட்டை வண்டியின் சட்டத்துக்குப் போகும். சட்டத்துப் பக்கம் ஒரு போல்ட், ஒரு நட்டு, நட்டு கழலாமல் குறுக்கே ஒரு ஸ்ப்ளிட் பின். அந்தக் காதுதான் வளைந்திருக்கிறது.

வண்டியைப் பிரித்த அன்றே பட்டை தனியாகத் தொங்கியது. நட்டைக் காணோம். போல்ட் மட்டும், சைலன்சர் தடுத்ததால் வெளியே விழாமல், சட்டத்தில் நின்றது. "விபத்தில் தெறித்திருக்கும்" என்று பட்டியலில் என் கையெழுத்தில் இருக்கிறது.

தட்டையும் வளைந்த பிரேக் ராடையும் லேத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

லேத்துக்காரர் ராடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சர்வ சாதாரணமாகச் சொன்னார்:

"இது விழுந்து வளைஞ்சதில்லீங்க. விழுந்தா ஒரு பக்கம் நசுங்கும். இது உள்ளேர்ந்து முறுக்கினது. பட்டை கழண்டுபோய், பிரேக்க மிதிச்சதும் தட்டே சக்கரத்தோட சுத்தியிருக்கு. சுத்தி, இறுகி, சக்கரம் அப்படியே நின்னிருக்கும். யாருங்க ஓட்டினது? ஆள் இருக்காரா?"

இருக்கான் என்றேன்.

"கெட்டிக்காரரு."

ஜூன் 12, மாலை

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, சனி

எழுதித்தான் ஆகவேண்டும்.

விபத்து நடந்த அன்று காலை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தம்பி கிளம்பினான். மாவு மில் திருப்பத்தில் விழுந்தார்கள். அவனுக்கு முழங்கால். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு. அதன்பிறகு பதினாறு வருஷம், சாகும்வரை, அம்மா கோலில்லாமல் நடக்கவில்லை. பதினாறு வருஷமும் குளிப்பாட்டியது, தூக்கியது, கழுவியது எல்லாம் அவன். கல்யாணம் வேண்டாம் என்றான். யாரும் வற்புறுத்தவுமில்லை. செய்த தப்புக்கு அனுபவிக்கிறான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும்.

ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு தடவை சொன்னான்: "மெதுவாத்தான் வந்தேன். பிரேக் போட்டேன், சக்கரம் அப்படியே புடிச்சிக்கிச்சு."

நான் சொன்னது: "முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தப் பிரேக்கப் பிரிச்சு மாட்டினேன். அதுல ஒரு குத்தமும் இல்ல."

அதற்குப்பின் அவன் மூன்றாம் தடவை சொல்லவில்லை. "மெதுவாப் போடான்னேன், கேட்டானா" என்று அம்மாவும் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் அம்மா அப்படிச் சொன்னாளா, நாங்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாளா? ராக்கெட் என்று பெயர் வைத்தது நான். கட்டுப்போட்ட காலைப் பார்த்து, சிரிக்கவைக்கலாம் என்று.

என் வழக்கம் ஒன்று. கடைசியாக இறுக்கி, ஸ்ப்ளிட் பின்னைப் போட்டபிறகு, நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். அக்காவின் நெயில் பாலிஷ். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது. பம்பு ஆலையில் முப்பத்தோரு வருஷம், மற்றவர்கள் இறுக்கியதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டதும் இந்தப் பழக்கத்தோடுதான்.

இன்று காலை பின்பக்கத்து நட்டுகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்தேன். அச்சு நட்டில் புள்ளி இருக்கிறது. சங்கிலி இழுப்பானில், இரண்டு பக்கமும். ஷாக் அப்சார்பரில், நாலிலும். கிரீஸுக்கு அடியில், வைத்த அன்று இருந்தபடியே.

பட்டையைப் பிடித்திருந்த இந்தப் போல்ட்டின் நுனியில் இல்லை. உரிந்திருக்கலாம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மரையின் பள்ளத்தில்கூட ஒரு துளி சிவப்பு கிடையாது. பின் போடும் துளையில் ஒரு கீறல் கிடையாது.

நட்டைக் கையால் திருகிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். எதற்கு எழுந்தேன்? யார் கூப்பிட்டார்கள்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

தம்பி வந்தான். என் சட்டைப் பையில் அந்தப் போல்ட்.

"என்ன அண்ணே, உம்முன்னு இருக்கே? ராக்கெட்டுக்கு ரவுண்டு குடுக்கணுமேன்னா?"

சொல்லவில்லை. மதியம் வரை பெட்ரோல் டேங்கைத் தேய்த்துவிட்டுப் போனான்.

ஜூன் 16, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். போல்ட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"சொன்னா உங்க பாரம் இறங்கிடும். அவருக்கு?" என்றாள்.

சொல்ல வேண்டாம் என்கிறாயா என்றேன்.

"நான் எங்கேங்க அப்படிச் சொன்னேன்? உங்க பாரத்த இறக்கறதுக்காகச் சொல்லாதீங்க. அவ்ளோதான்."

ஜூன் 18, வியாழன்

தட்டு நிமிர்ந்து வந்துவிட்டது. மாட்டினேன். சக்கரம் வெண்ணெயாகச் சுற்றுகிறது. பட்டைக்குப் புது போல்ட், புது நட்டு, புது பின் வாங்கி வைத்திருக்கிறேன். போட மனம் வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன். முதலில் பிரேக் கதையாகத்தான் ஆரம்பித்தேன் – தட்டு, காது, பட்டை – கோழை மாதிரி. அவன் பாதியிலேயே கையை நீட்டினான். போல்ட்டைக் கொடுத்தேன். நுனியைக் கட்டை விரலால் தடவினான். என் புள்ளி அவனுக்குத் தெரியும். சின்ன வயசில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்தான்.

"அம்மா இருக்கறப்போ தெரிஞ்சிருக்கலாம்" என்றான்.

"மன்னிச்சிரு" என்றேன்.

"நான் எத்தனை ராத்திரி நெனச்சிருக்கேன் தெரியுமா... ஒருவேளை வேகமாத்தான் வந்தேனோன்னு. எனக்கே என் மேல நம்பிக்கை போச்சு அண்ணே."

கால் நீட்டிய இடத்திலிருந்து எழ அவனுக்கு நேரமாகும். நான் கை கொடுத்தேன். பிடிக்கவில்லை. முக்காலியைப் பிடித்து எழுந்தான். போல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 28, ஞாயிறு

வரவில்லை.

ஜூலை 1, புதன்

அவனே போன் பண்ணினான்.

"அக்காகிட்ட சொன்னியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"அன்னிக்கு ஊரையே கூட்டி வெச்சுச் சொன்னே, பிரேக்ல குத்தமில்லன்னு. இப்போ எங்கிட்ட மட்டும் ரகசியமாவா?"

வைத்துவிட்டான். நியாயம்.

ஜூலை 2, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். சித்தப்பாவிடம். மாமாவின் பிள்ளைகள் இரண்டு பேரிடம். நாலு போன். சித்தப்பா, "பழசையெல்லாம் எதுக்குக் கிளர்றே?" என்றார். மாமா பிள்ளைகளில் ஒருவன் பேச்சை மாற்றினான்.

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மாவ அவன் தூக்கிட்டுப் போறப்போ, 'இப்போ மட்டும் மெதுவாப் போ'ன்னு நான் ஒரு தடவை சொல்லியிருக்கேன்டா. கிண்டலா. அவன் சிரிச்சான்டா."

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நாங்களும் சிரித்தோம்.

ஜூலை 5, ஞாயிறு

வரவில்லை. வண்டியைத் தொடவில்லை. கொட்டகையைப் பெருக்கினேன்.

ஜூலை 10, வெள்ளி

அக்கா கூப்பிட்டாள். அவனிடம் அரை மணி நேரம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. "ராக்" என்று ஆரம்பித்து நிறுத்தி, அம்மா அப்பா வைத்த பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! யாரோ வெளியாளைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வாசலில் நின்றான். உள்ளே வந்து முக்காலியை இழுத்து, வண்டியின் பின்பக்கம் போட்டு உட்கார்ந்தான். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"நீ தொடாதே."

அவனே பட்டையைச் சேர்த்தான், புது போல்ட்டைச் செருகினான், நட்டை இறுக்கினான், பின்னை நுழைத்து அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கினான். கையை மட்டும் பின்னால் நீட்டினான். நெயில் பாலிஷ் பாட்டிலைக் கொடுத்தேன். புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

அவனுடைய அந்தக் காலால் கிக்கரை உதைக்க முடியாது. உதைத்தது நான். மூன்றாவதில் பிடித்தது.

"நானும் வரவா?"

"வேண்டாம்."

போனான். தெருமுனை வரை மெதுவாக. திரும்பியபின் சத்தம் ஏறியது, நீண்டது, தேய்ந்தது. மனைவி வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்றிருந்தும் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம்.

வந்து நிறுத்தினான். காற்றில் கண் கலங்கிச் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குனிந்து புள்ளியைப் பார்த்தான்.

"இருக்கு" என்றான்.